வேலைநிறுத்த நாளில் சாவி

1

ஸ்காட்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் நிறைகிறது. மத்திகிரியிலிருந்து உறவினர்கள் போன் செய்து, "அங்க என்னா வேலை?" என்று கேட்டால், "ஸ்கூல்ல" என்பேன். அதற்கு மேல் அவர்கள் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. வாத்தியார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மாமியார் சர்ச்சில் எல்லோரிடமும் அப்படியே சொல்லிவைத்திருக்கிறார் என்று கேள்வி. இனி அதை மாற்ற முடியாது.

நான் இங்கே ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் ஜானிட்டர். காலையில் கேட்டையும் கதவுகளையும் திறப்பது, கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரைப் போடுவது, பனி விழுந்தால் நடைபாதையில் உப்புத் தூவுவது, குழந்தைகள் வாந்தியெடுத்தால் துடைப்பது, சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டுவது. குழந்தைகள் "மிஸ்டர் தாஸ்" என்று கூப்பிடுவார்கள். என் முழுப் பெயர் அருள்தாஸ். அது அவர்கள் வாய்க்கு நீளம்.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். ஓசூரில் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இங்கே அவளுக்குத்தான் வேலை கிடைத்தது, அவளுக்குத்தான் விசா. நானும் மகள் ஜெனியும் அவளைத் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஊரில் மட்டும் நான் என்ன பெரிய வேலையில் இருந்தேன்? குருபரப்பள்ளியைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அலுவலக உதவியாளர். அதுவும் பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக வேலை. நிரந்தரமாகும், நிரந்தரமாகும் என்று ஜெனி பிறந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை காத்திருந்தேன். இங்கேயும் என் ஒப்பந்தம் தற்காலிகம்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் பள்ளியில் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் எனக்கு நேர்ந்ததை ஊரில் இருப்பவர்கள்தான் புரிந்துகொள்ள முடியும் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது.

2

முதலில் ஊரின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் சங்கம் என்றால் முனிரத்தினம் அண்ணன். ஆய்வக உதவியாளர், கெலமங்கலத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சட்டப்படி எனக்குச் சங்கத்தில் இடமில்லை, நான் தற்காலிகம். ஆனாலும் என்னை விடமாட்டார்.

"உனக்கு சங்கத்துல எடம் கெடையாது தாசு. ஆனா சங்கத்துக்கு நீ வேணும். கொடிக்கம்பம் தூக்க ஆள் வேணும்ல" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் என் பெயரையும் நிரந்தரம் கேட்கும் மனுக்களில் எப்போதும் சேர்த்துவிடுவார்.

போராட்டம் என்றால் அங்கே ஒரு வரிசை உண்டு. முதலில் சட்டையில் கருப்புத் துணி குத்திக்கொண்டு வேலை செய்வது. பிறகு மதிய இடைவேளையில் கேட் முன்னால் நின்று கோஷம். கடைசியில் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தின் முன் தர்ணா. ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்தவர்களுக்கும் இது தெரியும். கேன்டீன் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள், மெஷினை நிறுத்தவும் மாட்டார்கள். கோபத்தைக் காட்ட வேண்டும். அதே நேரத்தில் வேலையும் ஓட வேண்டும்.

தர்ணா நாளில்கூட எங்கள் பள்ளியின் கேட்டை நான் திறந்துவிட்டுத்தான் போவேன். திறக்காமல் முடியாது. போராட்டம் என்று சொல்லியிருந்தாலும் பிள்ளைகள் வந்துவிடும். சுற்று ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும். கேட் மூடியிருந்தால் எங்கே நிற்கும்? கண்டெய்னர் லாரி போகிற ரோட்டின் ஓரத்தில் நிற்கும். சத்துணவு அக்காக்களும் அப்படித்தான், புடவையில் கருப்புத் துணி குத்திக்கொண்டு சோறு ஆக்கி இறக்கிவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். நான் கேட்டைத் திறந்து, மணி அடித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒரு டீச்சர் வந்ததும் கிருஷ்ணகிரிக்குக் கிளம்புவேன். போய்ச் சேர்ந்ததும் முனிரத்தினம் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி, "கேட்டு தெறந்துட்டியா?"

"தெறந்துட்டண்ணா."

"அப்ப உக்காரு."

திறக்காமல் வந்திருந்தால் அங்கே என்னை உட்காரவிட்டிருக்க மாட்டார்.

3

இங்கே சங்கத்தின் ஆள் மொய்ரா. பள்ளிச் சமையலறையின் தலைமைச் சமையல்காரர். அறுபதை நெருங்குகிறவர், கனத்த உடம்பு, உரத்த குரல். நான் சேர்ந்த வாரமே சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். தற்காலிகம் என்றேன். "அதனால் என்ன, மற்றவர்களைவிட உனக்குத்தான் அதிகம் தேவை" என்றார். ஊரில் கேட்காத பேச்சு. அன்று வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சமையல்காரர்கள், வகுப்பு உதவியாளர்கள், ஜானிட்டர்கள் எல்லோரும் ஒரே சங்கம். ஆசிரியர்களுக்கு வேறு சங்கம். சம்பள உயர்வு கேட்டு நடந்த இந்த வேலைநிறுத்தம் எங்களுடையது, ஆசிரியர்களுடையது அல்ல. கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மொய்ரா பேசினார். அவர் பேசுகிற வேகத்தில் எனக்குப் பாதிதான் புரியும்.

"எல்லோருக்கும் புரிந்ததா? தாஸ், உனக்கு?"

தலையாட்டினேன். ஓசூரில் வளர்ந்தவனுக்கு இது பழக்கம். பஸ்ஸில் ஒருவர் கன்னடத்தில் பேசுவார், கடையில் ஒருவர் தெலுங்கில் பேசுவார், பாதி புரிந்தால் போதும், தலையாட்டி வாழ்ந்துவிடலாம். மீதிப் பாதியை ஊரே சொல்லிக்கொடுத்துவிடும்.

இங்கே எனக்குத் தெரியாமல் போன மீதிப் பாதி இதுதான். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. ஆனால் எங்கள் வேலையை அவர்களும் தொடமாட்டார்கள், தலைமையாசிரியரும் தொடமாட்டார். கேட்டைத் திறக்கமாட்டார்கள், பாய்லரைப் போடமாட்டார்கள். அவர்கள் எங்களுக்குக் காட்டும் ஆதரவு அது. ஆகவே ஜானிட்டர் வராவிட்டால் பள்ளி இல்லை. சமையல்காரர் வராவிட்டால் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரச் சொல்லிவிடலாம். பூட்டிய கதவுக்கு மாற்று ஏற்பாடு கிடையாது. இதை யாரும் என்னிடம் விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

4

வேலைநிறுத்தத்தின் முந்தைய நாள் ஜெனியின் பழைய பள்ளிக் கால்சட்டையிலிருந்து ஒரு துண்டு கருப்புத் துணியை வெட்டி எடுத்தேன். காலையில் அதைக் கோட்டின் மேல் ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டேன். இருட்டு விலகுவதற்குள் பள்ளிக்குப் போனேன். கேட்டைத் திறந்தேன். கதவுகளைத் திறந்து, பாய்லரைப் போட்டு, விளக்குகளை எரியவிட்டேன். கேட் முன்னால் உறைந்திருந்த இடத்தில் உப்பும் தூவினேன், போராட வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாதென்று. பிறகு வெளியே வந்து கேட்டின் ஓரமாக நின்றுகொண்டேன். சந்தோஷமாகத்தான் நின்றேன்.

மொய்ராவும் மற்றவர்களும் பதாகைகளோடு வந்தார்கள். மொய்ரா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அப்புறம் எனக்குப் பின்னால் எரிந்த விளக்குகளைப் பார்த்தார்.

"யார் திறந்தது?"

"நான்" என்றேன்.

"தலைமையாசிரியர் உன்னைக் கட்டாயப்படுத்தினாரா?"

"இல்லை. நானே திறந்தேன்." இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் பெண்மணி பதாகையைத் தரையில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் போய்ப் பூட்டு" என்றார் மொய்ரா. கத்தவில்லை. சமையலறையில் கத்துகிறவர், அப்போது கத்தவில்லை.

உள்ளே ஓடினேன். அதற்குள் தலைமையாசிரியரின் கார் வந்துவிட்டது. அவர் என்னைவிட வயதில் இளையவர், எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். விளக்குகள் எரிவதையும் கட்டடம் சூடாகி வருவதையும் பார்த்தார். சின்ன வகுப்புகளை மட்டும் நடத்தலாம் என்று பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பினார். கதவு திறந்திருந்ததால் வீட்டுக்குத் திரும்ப முடியாத ஆசிரியர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்கள். அவர்கள் பின்னால் பிள்ளைகள் வந்தன.

நான் பூட்ட வேண்டும், வெளியே போக வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். சொன்னதாக நினைக்கிறேன். பதற்றத்தில் என் இங்கிலீஷ் எப்படி வந்ததென்று தெரியாது.

"குழந்தைகள் உள்ளே இருக்கிறார்கள், தாஸ். பாய்லர் ஓடுகிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விட்டால் யார் பொறுப்பு?"

அவர் சொன்னது சரிதான். மொய்ரா சொன்னதும் சரி. அன்று முழுவதும் கம்பி வேலிக்கு உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அவர்கள். கார்கள் ஹாரன் அடித்து அவர்களுக்கு ஆதரவு சொல்லிப் போயின. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவர்கள் கையாட்டினார்கள். வேலியோரம் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மதியம் ஓர் இளம் ஆசிரியை அருகே வந்து, என் கோட்டைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்கள் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?"

"இல்லை. இது போராட்டம்" என்றேன்.

அவர் "ஓ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

மறுநாள் காலை ஊழியர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது தலைமையாசிரியர் எழுந்து, "நேற்று தாஸ் இல்லையென்றால் நம்மால் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்று சொல்லி நன்றி கூறினார். நல்ல மனதோடுதான் சொன்னார். இரண்டு ஆசிரியர்கள் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். மொய்ரா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாவட்டத்திலேயே திறந்திருந்தது எங்கள் பள்ளி ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஊர் வழக்கத்தைச் சொல்லி விளக்கியிருப்பேன். "குட்மார்னிங்" சொன்னால் "குட்மார்னிங்" வந்தது. அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. மதிய நேரத்தில் சமையலறை வழியாக நான் போனால் உள்ளே பேச்சு நிற்கும். நான் கடந்து போனதும் மறுபடி தொடங்கும். சங்கத்திலிருந்து என்னை நீக்கவும் இல்லை. நீக்கியிருந்தால் ஒரு கதவு சாத்தியது மாதிரி ஆகியிருக்கும்.

ஜெனிக்குப் பதினைந்து வயது. மொய்ராவின் பேத்தி அவள் வகுப்பில் படிக்கிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ ஏன்ப்பா ஓப்பன் பண்ண?"

"ஊர்ல அப்படித்தாம்மா செய்வோம்."

"இது ஊர் இல்லப்பா."

"உன் ஃப்ரெண்டு ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. அதான்."

ஸ்டெல்லாவுக்கு வேறு கவலை. "விசா ரினியூவல் வருது. நீங்க எந்தப் பக்கமும் நிக்காதீங்க" என்றாள்.

"நடுவுல எங்க நிக்கிறது?"

"நிக்கவே வேணாங்க. பேசாம வேலைக்குப் போங்க."

"வேலைக்குப் போறதுதான் இங்க ஒரு பக்கம், ஸ்டெல்லா."

அவளுக்கு நைட் டூட்டிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வாசலில் ஷூ போடும்போது, "நாம எதுக்கு வந்தோமோ அத மட்டும் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். எதற்கு வந்தோம் என்பதை மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டால் மூன்று பதில் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஏமிரா தாசு, தொரைங்க நாட்டுல எப்பிடி இருக்கிற?" என்று ஆரம்பித்தார். நடந்ததைச் சொன்னேன். முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"கேட்டு தெறந்துட்டு, கருப்புத் துணியும் குத்திக்கினு, அவங்க கூடவே போயி நின்னியா?"

"ஆமாண்ணா."

சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வந்துதான் நிறுத்தினார். "உப்பு வேற தூவுனியா? அய்யோ தாசு. நாங்க கத்துக்குடுத்தத ஒண்ணு விடாம செஞ்சிருக்கிற."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

"அடுத்த வாட்டி என்னா பண்றதுண்ணா?"

"எனுக்கு என்னாப்பா தெரியும், அந்த ஊரு சங்கதி. இங்க நாளைக்கு தர்ணா, ஆளே சேரல. பாதிப் பேரு கல்யாணம்னு சொல்றான், மீதிப் பாதி காது குத்துன்றான்." பிறகு குரல் இறங்கியது. "உன் எடத்துல இப்ப ஒரு பொண்ணு வந்துக்குது. நல்லா வேல செய்யுது. அதுவும் தற்காலிகந்தான்."

மழை பெய்கிறதா என்று கேட்டேன். பெய்யவில்லை என்றார்.

6

இரண்டாவது வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. தலைமையாசிரியர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"நான் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கேட்கவும் கூடாது. ஆனாலும், சென்ற முறை மாதிரி இருந்தால் குழந்தைகளுக்கு நல்லது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மார்ச்சில் உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது" என்றார். இரண்டையும் சேர்த்துச் சொன்னாரா, அடுத்தடுத்து நினைவுக்கு வந்து சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிரட்டுகிறவரின் முகம் இல்லை அது.

தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகுதான் பழக்கத்தில் தலையாட்டிவிட்டேன் என்று உறைத்தது. மறுபடி உள்ளே போகத் தைரியம் வரவில்லை. தாழ்வாரத்தில் நின்று மாட்டியிருந்த குட்டிக் கோட்டுகளைச் சரிசெய்தேன், விழாத கோட்டுகளையும். போராட்டத்துக்கு முந்தைய நாள் மாலை, வகுப்புகளைப் பூட்டிய பிறகு, சாவிக்கொத்தைத் தலைமையாசிரியரின் மேசையில் வைத்தேன்.

"நாளை நான் வெளியே நிற்பேன்" என்றேன்.

அவர் சாவிகளைப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். அவற்றை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் நான் போய் நின்றேன். ஜன்னல்களில் வெளிச்சம் இல்லை. மொய்ரா வந்தார். இருண்ட கட்டடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த இரண்டு பதாகைகளில் ஒன்றை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பாத்திரம் கழுவும் பெண்மணி நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கார் ஹாரன் அடித்தது. நானும் கையாட்டினேன்.

பிள்ளைகள் வரும் நேரத்தில் ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். முதல் வகுப்புக் குழந்தை. அந்த அம்மாவைத் தெரியும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், முதியோர் இல்லத்தில் வேலை. கோட்டுக்குக் கீழே அந்தச் சீருடை தெரிந்தது. பள்ளி மூடியிருக்கும் என்ற செய்தி அவருக்குப் போகவில்லையோ, போயும் பார்க்கவில்லையோ.

அங்கே எட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தோம், அதில் வெளிநாட்டிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். அவர் மற்றவர்களைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். ஏன் என்னிடம் என்று எனக்கும் தெரிந்தது, மற்றவர்களுக்கும் தெரிந்தது.

"பிரதர், தயவுசெய்து திறந்துவிடுங்கள். நான் வேலைக்குப் போக வேண்டும்."

"இன்று பள்ளி இல்லை" என்றேன்.

"தினமும் நீங்கள்தானே திறப்பீர்கள்."

"சாவி என்னிடம் இல்லை."

அந்தக் குழந்தை அம்மாவின் கையை விட்டு, கேட்டைத் தள்ளிப் பார்த்தது. அது அசையாததும் இரண்டு கைகளாலும் தள்ளியது.

"போன தடவை திறந்திருந்தது. இன்று யார் மூடியது?" என்று கேட்டார் அந்த அம்மா.

மொய்ரா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, சொல்லாமல் விட்டுவிட்டார். அவர்கள் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"நாங்கள்" என்றேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட அவருக்கு நேரம் இல்லை. குழந்தையைக் கேட்டிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்று, யாருக்கோ போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி வேறு யாருக்கோ செய்தார். மொய்ரா என் தோளில் கையை வைத்தார். கனமான கை. எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

வரிசையை விட்டு நகர எனக்கு வழியில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பலாம் என்றால், அந்த நிறுத்தம் எங்களுக்கு நேர் எதிரில் இருந்தது. பஸ் வந்தது. போனது. அவர்கள் ஏறவில்லை, அங்கேயே நின்றிருந்தார்கள். எங்கள் பக்கம் யாரோ ஏதோ வேடிக்கையாகச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நானும் சிரித்தேன்.